வண்டிக்கு அடியில் என் இடம்

அந்தச் சிவப்பு வண்டியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. இரண்டு கதவு, இரண்டு இருக்கை, அடியில் ஒரு பூனை ஒதுங்கக்கூட இடமில்லாத உயரம். பென்னலூரில் இருக்கும் எங்கள் ஷெட்டுக்கு வருவதெல்லாம் கம்பெனி வேன்களும் வாடகைக் கார்களும்தான். இது வந்து நின்றதும் எதிர் டிபன் கடையில் தோசை தின்றுகொண்டிருந்த ஆள் தட்டும் கையுமாக எழுந்து வந்து பார்த்தார். என் புருஷன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! எங்கள் கல்யாணத்தன்று மேடையில்கூட அந்த மூஞ்சியில் அவ்வளவு பல் தெரிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இறங்கியவள் ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். ஒரகடத்தில் ஏதோ கம்பெனியில் வண்டிகளைக் கம்ப்யூட்டரில் வரைகிற வேலையாம். சின்னப் பிள்ளையிலிருந்தே இந்த மாதிரி வண்டி மேல் பைத்தியமாம். யாரோ ஓட்டித் தேய்த்த பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறாள். நம்ம ரோட்டுக்கு அது ஆகுமா? மணிமங்கலம் ரோட்டில் இருக்கிற வேகத்தடை ஒவ்வொன்றும் அதன் வயிற்றைச் சுரண்டியிருந்தது. கல்லும் தண்ணீரும் எஞ்சினில் அடிக்காமல் இருக்க வண்டிக்கு அடியில் பிளாஸ்டிக் பலகைகள் மூடியிருக்கும். நாங்கள் அதை அண்டர்கவர் என்போம். அவள் வண்டியில் அது கிழிந்து, ஒரு பக்கம் கயிற்றால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணா, எல்லாத்தையும் மாத்திடணும். புது கவர் நான் வரவழைச்சுடறேன். மாட்டித் தருவீங்களா?” என்றாள்.

“தாராளமா மேடம்,” என்றார் இவர். நான் ஒரு தேங்காய் துருவித் தரச் சொன்னால் முகம் எட்டுக் கோணலாகப் போகிற மனுஷன்.

அண்டர்கவர் மாட்டுவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. என் பிழைப்பே அதுதான். கார் கம்பெனி லைனில் வண்டிகள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு வரும். நாங்கள் கீழே நின்று, கையை உயர்த்தி, கவரை வைத்து போல்ட் முறுக்குவோம். ஷிஃப்ட் முழுக்கக் கை மேலேயே இருக்கும். இவரையும் அங்கேதான் பிடித்தேன். அவர் முறுக்குவார், நான் செக் பண்ணுவேன். முறுக்கியவர் போல்ட் மேல் வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். அடுத்த ஆள் ஸ்பேனரை வைத்துப் பார்த்து, இறுக்கமாக இருந்தால் பக்கத்தில் மஞ்சள் கோடு போட வேண்டும். முறுக்கினவரே செக் பண்ணக் கூடாது என்பது லைன் சட்டம். மற்றவர்கள் பூவும் லெட்டரும் கொடுத்துக் காதலித்தார்கள். நாங்கள் அவர் வெள்ளைக்குப் பக்கத்தில் என் மஞ்சளைப் போட்டே காதலித்தோம்.

கான்ட்ராக்ட் முடிந்து அவர் வெளியே வந்து ஷெட் போட்டார். நான் லைனிலேயே இருந்துவிட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சட்டம் எங்கள் ஷெட்டிலும் நடந்தது. எங்களிடம் லிஃப்ட் கிடையாது. வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கீழே ஒரு பழைய கல்யாண பேனரை விரித்து இரண்டு பேரும் மல்லாக்கப் படுத்துக்கொள்வோம். நான் கவரைத் தாங்கிப் பிடிப்பேன், அவர் போல்ட் போடுவார். பிறகு நான் செக் பண்ணி மஞ்சள் போடுவேன். வீட்டில் பேசாததையெல்லாம் அங்கேதான் பேசினோம். என் மாமியாரை நான் வாயாரத் திட்டியது அங்கேதான். அந்த மாமியார் போய்ச் சேர்ந்தபோது இவர் தன் அம்மாவுக்காக வாய்விட்டு அழுததும் அங்கேதான். யாரும் எட்டிப் பார்க்காத இடம் என்று எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். நானாகக் கிளம்பினாலும், “நீ ரெஸ்ட் எடுமே, நான் பாத்துக்கிறேன்” என்பார். சரி, பெண்டாட்டி மேல் பாசம் பொங்குகிறது என்று நானும் இருந்துவிட்டேன். சிவப்பு வண்டி வந்த பிறகுதான், பாசமாவது பருப்பாவது என்று சந்தேகம் வந்தது.

சும்மா வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மேடம் புராணம். “மேடம் இன்னா சொன்னாங்க தெரியுமா? அந்தக் காலத்து வண்டில அடில காத்து போறதுக்குக்கூட கணக்கு வச்சுக் கவர் பண்ணிருக்கான்,” என்பார். காற்று போகட்டும், குழம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கிழிந்த பனியனோடு ஷெட்டுக்குப் போகிறவர் துவைத்த சட்டை தேட ஆரம்பித்தார். கிரீஸில் புரளப் போகிறவருக்குத் துவைத்த சட்டை எதற்கு? கேட்டால், “கஸ்டமர் வர்ற எடம்மே,” என்றார். இத்தனை வருஷமாக வந்தவர்கள் எல்லாம் கஸ்டமர் இல்லையோ என்னவோ.

ஒரு ஞாயிறு காலை நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஷெட்டுக்குப் போனேன். ஷட்டர் திறந்திருந்தது, சிவப்பு வண்டி ஸ்டாண்டில் நின்றது, ஆளைக் காணோம். பைக்கையும் காணோம்.

“துரு புடிச்ச போல்ட்டு ஒண்ணு ஒடஞ்சிச்சாம். வாங்கியார ஸ்ரீபெரும்புதூர் போயிருக்காரு. அந்தப் பொண்ணும் கூடத்தான் போயிருக்கு,” என்றார் டிபன் கடைக்காரர். நான் கேட்கவே இல்லை. சட்னிக் கரண்டியை ஆட்டி ஆட்டி அவராகவே சொன்னார்.

பைக்கில். என் சீட்டில்.

வண்டிக்கு அடியில் பேனர் விரித்திருந்தது. அதன் மேல் இருந்த புழுதியில் இரண்டு ஆள் படுத்த தடம் தெளிவாகத் தெரிந்தது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, யூனிஃபார்மோடு உள்ளே நகர்ந்து படுத்துப் பார்த்தேன். பின்பக்கத்துக் கவர்களைப் புதிதாக மாட்டி முடித்திருந்தார்கள். ஒவ்வொரு போல்ட்டிலும் அவருடைய வெள்ளைக் கோடு. அதற்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல, மஞ்சள்.

வேறு எவளாவது என்றால் புருஷன் சட்டையை முகர்ந்து பார்ப்பாள், போனை நோண்டுவாள். எனக்கு அந்த மஞ்சள் கோடே போதுமானதாக இருந்தது. அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. கோணல் மாணலாகப் போட்டிருந்தாலாவது கொஞ்சம் மனசு ஆறியிருக்கும். அடிப்பாவி, ஸ்கேல் வைத்தது போல் போட்டிருந்தாள்.

பைக் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் இறங்கினார்கள். என்னைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. அவள் சிரிப்பு நிற்கவில்லை. “அக்கா, வாங்க. டீ சொல்லட்டுமா?” என்றாள். என் ஷெட்டில் எனக்கே டீ சொல்கிறாளாம்!

“மஞ்சள் யாருய்யா போட்டது?” என்று அவரிடம் கேட்டேன்.

“மேடம்தான். ஏன்?”

“ஏனா? அந்தப் பேனா யாரோடது?”

“இன்னாமே இது, ஒரு பேனாவுக்குப் போய்! முறுக்கினவனே செக் பண்ணக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ. நீ ஷிஃப்ட்ல இருந்த. வேற யாரு கீறாங்க இங்க?”

“நான் வர்ற வரைக்கும் வெய்ட் பண்ண முடியாதா? வண்டி இன்னா ஆஸ்பத்திரிக்கா போவுது?”

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போல்ட் பொட்டலத்தை மேசை மேல் வைத்தாள். அவள் நகத்துக்குள் கிரீஸ் ஏறியிருந்தது. வெறுமனே அழகாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. வேலை தெரிந்தவளாக இருந்தாள். அதுதான் தாங்கவில்லை.

அந்த வாரம் பூராவும் லைனில் எனக்குக் கை ஓடவில்லை. பக்கத்தில் நிற்கும் தென்காசிக்காரப் பெண்ணிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை.

“யக்கா, உங்க எடத்த விட்டுட்டு இங்க நின்னு பொலம்புனா எப்படி? ஞாயித்துக்கெழம நீங்களே போயிப் படுத்துக்கிடுங்க. யாரு எழுப்புதான்னு பாப்போம்,” என்றாள்.

அது எனக்குச் சரியென்று பட்டது. எனக்கு வேண்டியது அந்த இடம்தான். அவள் வண்டியில் ஏறிக்கொள்ளட்டும், என் புருஷனிடம் சிரித்துப் பேசட்டும், ஒழியட்டும். வண்டிக்கு அடியில், அவருக்குப் பக்கத்தில், அந்தப் பேனரில் பாதி என்னுடையது. ஓ.டி.க்கு ஆள் கேட்டு சூப்பர்வைசர் வந்தபோது, “சண்டே வர மாட்டேன் சார், முக்கியமான வேலை கீது,” என்று சொல்லிவிட்டேன்.

மிச்சமிருந்தது எஞ்சினுக்குக் கீழே வரும் கவர். இருப்பதிலேயே அகலமானது, நடுவில் தொய்கிறது. ஒருவர் இரண்டு கையாலும் மேலே அழுத்திப் பிடித்தால்தான் மற்றவர் போல்ட்டைத் துளைக்கு நேராக விட முடியும். அவசரப்பட்டு ஒன்றை முதலிலேயே இறுக்கிவிட்டால் மற்றத் துளைகள் விலகிப்போகும். எல்லா போல்ட்டையும் கையால் லேசாக ஏற்றிவிட்டு, கடைசியில்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். அதுவரை பிடிக்கிற ஆள் விடக் கூடாது.

நான் போனபோது அவள் ஏற்கெனவே பேனரில் படுத்திருந்தாள்.

“நகருங்க மேடம். நான் புடிக்கிறேன்,” என்றேன்.

“பரவால்லக்கா, நானே...”

“நான் தெனமும் பண்ற வேலை இது. நகருங்க.”

அவர் ஸ்பேனரைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “வோணாம்மே,” என்றார், மெல்ல. அந்த ஒரு வார்த்தை என்னைக் கொளுத்திவிட்டது. அவளை வைத்துக்கொண்டு என்னை வேண்டாம் என்கிறாரே! துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தேன். அவள் அந்தப் பக்கம் தள்ளிப்போய் வழிவிட்டாள். ஆனால் வெளியே போகவில்லை.

அவர் என் பக்கத்தில் வந்து படுத்தார். கிரீஸ் வாசனையும் அவர் மூச்சும் அவ்வளவு கிட்டத்தில் வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. கவரைத் தூக்கி மேலே அழுத்தினேன். முதல் போல்ட் ஏறியது. அடுத்ததும் ஏறியது. எனக்குச் சிரிப்புகூட வந்தது. பார்த்துக்கொள்ளடி என்று மனசுக்குள் அவளிடம் சொன்னேன்.

அப்புறம் வலது தோளில் சுருக்கென்றது. லைனில் அவ்வப்போது வருகிற வலிதான். அங்கே வண்டி நகர்ந்துவிடும், அடுத்த வண்டி வருவதற்குள் கையைக் கீழே விட்டு உதறிக்கொள்ளலாம். இங்கே எதுவும் நகரவில்லை. பல்லைக் கடித்தேன். கை நடுங்க ஆரம்பித்தது, அதோடு சேர்ந்து கவரும் கடகடவென்று ஆடியது. தாங்கு, தாங்கு என்று என் கையிடமே கெஞ்சினேன். யாருடைய கையோ போல அது தானாக மடங்கியது. கவர் தொய்ந்து என் நெற்றியில் இடிக்க வந்தது.

இடிக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகள் வந்து தாங்கிக்கொண்டன. ஐயோ பாவம் என்று அவள் ஒரு சத்தம் போட்டிருந்தால்கூடச் சண்டைக்குப் போயிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த போல்ட்டை எடுத்தார், ஏற்றினார். பெண்டாட்டி கை விழுந்து பக்கத்தில் கிடக்கிறாள், மனுஷன் முகத்தில் ஒரு துளி ஆச்சரியம் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்குத் தெரியும். என் தோள் போனது எனக்குத் தெரிவதற்கு முன்பே இவருக்குத் தெரியும்.

ஸ்பேனர் வேலை முடிந்ததும் மஞ்சள் பேனாவை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. “புடிச்சவங்களே போடட்டும்,” என்று சொல்லிவிட்டு வெளியே நகர்ந்து வந்தேன்.

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்வரை குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். சத்தம் ஓய்ந்த பிறகு கேட்டேன்.

“எப்பத்துலேந்து தெரியும் உனக்கு?”

பேனரை மடித்துக்கொண்டே சொன்னார். “தல பின்னிக்கும்போது கை மேல போவாம, கழுத்த சாச்சுகினு பின்னிகினு இருந்த பாரு. அப்பவே.”

“ஏன்யா சொல்லல?”

“சொன்னா லைன்ல நிக்கும்போதெல்லாம் உனக்கு அதே நெனப்பா இருக்கும். கை தூக்க முடியலன்னு தெரிஞ்சா அவனுங்க உன்ன அங்க நிக்க வுடுவானுங்களா? இங்க வந்து புடிச்சன்னா உனக்கே தெரிஞ்சிடும்னுதான் கூப்புடல. தெரியாத வரைக்கும் நல்லாருப்பியேன்னு நெனச்சேன்.”

“நீ அவகூட சுத்தறேன்னு நெனச்சுகினே இருந்திருப்பேன். எனக்கு அதுவே நல்லாருந்திச்சு,” என்றேன்.

கோபத்தில் சொன்னது இல்லை, உண்மையைத்தான் சொன்னேன். அவளோடு ஏதாவது இருந்திருந்தால் முடியைப் பிடித்திருப்பேன், தெருவில் நின்று கத்தியிருப்பேன், கடைசியில் இவரை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஜெயித்திருப்பேன். என் தோளோடு நான் எப்படிச் சண்டை போடுவது?

போன மாதம் அவள் மறுபடியும் வந்தாள். வேகத்தடை ஒன்று முன்பக்கத்துக் கவரைப் பெயர்த்துவிட்டதாம். அவர் என் முகத்தைப் பார்த்தார். நானே போய்ப் பேனரை விரித்து, “படுங்க மேடம்,” என்றேன். அவள் படுத்து இரண்டு கையையும் நேராக மேலே தூக்கினாள். வேலை முடிகிறவரை அவை இறங்கவே இல்லை. நான் முட்டி போட்டுக் குனிந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. இந்தத் தடவை அவர் மேல் ஒரு சந்தேகமும் இல்லாமல் எரிந்தது.