பத்தில் ஆறு

என் மகளின் வலது கண்ணுக்குள் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. மூக்குக் கண்ணாடியின் நடுவில் பொருத்திய கேமரா எதைப் பார்க்கிறதோ, அதை இடுப்பில் மாட்டிய சின்னப் பெட்டி புள்ளிகளாக மாற்றி அந்தச் சில்லுக்கு அனுப்பிவைக்கும். அவளுக்குத் தெரிவது முகமோ மரமோ அல்ல. வெளிச்சப் பொட்டுகள். பொட்டுகள் எங்கே கூடுகின்றன, எங்கே இல்லை என்பதை வைத்து இது கதவு, இது ஆள், இது ஒன்றுமில்லை என்று அவளே கற்றுக்கொள்ள வேண்டும். இதைச் செய்கிற கம்பெனி கோயம்புத்தூரில், முன்பு பம்பு மோட்டார் செய்துகொண்டிருந்த ஒரு கட்டடத்தில் இருக்கிறது. விற்பனைக்கு வராத பொருள். சோதித்துப் பார்க்கச் சம்மதித்த சிலரில் இவளும் ஒருத்தி.

பன்னிரண்டு வயதில் பொழுது சாய்ந்தபின் சைக்கிள் ஓட்டப் பயந்தாள். பத்தொன்பதில் பகலும் போய்விட்டது. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிற வியாதி. டாக்டர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என் மனைவி என் அத்தை மகள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கண் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பிடித்த பயம் இன்னமும் முழுதாக விடவில்லை. பள்ளியில் பசங்கள் யாராவது வகுப்பில் கண்ணைக் கசக்கினால் இப்போதும் பாடத்தை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன்.

பெருந்துறையில் வேதியியல் ஆசிரியர் நான். அறுவைச் சிகிச்சை முடிந்து புண் ஆறியதிலிருந்து சனிக்கிழமைதோறும் காரில் அவளைக் கோவைக்கு அழைத்துப் போனேன். அங்கே பயிற்சியும் பரிசோதனையும் நடத்துகிற பொறியாளர் வெள்ளகோவில் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கலாம். கறுப்புத் துணி விரித்த மேசையில் ஒரு வெள்ளைப் பேப்பர் கப்பை இடப்பக்கமோ நடுவிலோ வலப்பக்கமோ வைப்பார். மகள் தலையை மெல்ல அசைத்துத் தேடி, கையை நீட்டித் தொட வேண்டும். ஒரு சுற்றுக்குப் பத்து முறை. நான் அவளுக்குப் பின்னால் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

முதல் வாரமே எட்டு. அடுத்த வாரம் ஒன்பது. கப்பின்மேல் அவள் விரல் போய் நிற்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். வெள்ளகோவில் பெண் கணினியில் ஏதோ குறித்துக்கொண்டே, "அம்மணி நெம்ப சூட்டிகைங்க ஐயா" என்பார். நான் வீடு வருவதற்குள் ஈரோட்டில் என் தங்கைக்கும் காங்கேயத்தில் மச்சானுக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுவேன். பாப்பாவுக்குப் பார்வை வந்துவிட்டது என்று அவர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

நான்காவது சனிக்கிழமை. சுற்று முடிந்து, அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார்.

"ஐயா, ஒண்ணு சொல்லோணுமுங்க. அம்மணி, நீயும் கேட்டுக்க. இந்தச் சோதனைல நடுநடுவுல கம்ப்யூட்டரே புள்ளிகளக் கலைச்சுப் போட்டு அனுப்புமுங்க. வெளிச்சம் வரும், ஆனா அதுக்கும் கப்புக்கும் சம்பந்தம் இருக்காது. எது நெசம், எது கலைச்சதுன்னு அந்நேரம் எனக்கே தெரியாது. இப்பத்தான் மூணு வாரத்துக் கணக்கும் மொத்தமாத் தொறந்து பாத்தனுங்க."

அது எனக்குத் தெரியும். ஒப்புதல் படிவத்தில் இருந்தது. அவளுக்கு அதை வாசித்துக் காட்டியவனே நான்தான்.

"கலைச்சு அனுப்புனப்பவும் அம்மணி கரெக்டா கப்பு மேலயே கை வெச்சிருக்குதுங்க."

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பாடம் நடத்துகிறவனாயிற்றே, அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. கலைந்த படத்தை வைத்துக் கப்பைக் கண்டுபிடிக்க முடியாது. அப்படியானால் இவள் படத்தை வைத்தே கண்டுபிடிக்கவில்லை. சில்லு வேலை செய்யவில்லை. அல்லது இவள் ஏதோ ஏமாற்றுகிறாள். இரண்டில் எதுவானாலும் கம்பெனி இவளைச் சோதனையிலிருந்து விலக்கிவிடும், பெட்டியையும் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும்.

மகள் இடுப்புப் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அக்கா, அது என்ற அப்பாதானுங்க."

"அப்பாவா? அவரு வாயே தொறக்கலயே."

"மூச்சுங்க. என்ற கை தப்பான பக்கம் போச்சுன்னா அவரு மூச்சு அப்படியே நின்னுபோயிரும். சரியான பக்கம் திரும்புனா விட்டுருவாரு. படி எறங்கறப்ப, ரோடு தாண்டறப்ப, சின்னதுல இருந்து அப்படித்தானுங்க. நான் அவரு மூச்சு புடிச்சுத்தான் நடந்து பழகுனவ."

நான் அப்படிச் செய்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதாகத்தான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"அப்ப ஏன் அம்மணி சொல்லல?"

"இங்க வந்தும் அதத்தான் கேக்கறனான்னு எனக்கே தெரியலீங்க அக்கா. பொட்டு தெரியுது, கை போகுது. எது கண்ணு, எது காதுன்னு பிரிச்சுப் பாக்க முடியல. இப்ப நீங்க சொன்னப்பறந்தான் வெளங்குச்சு."

வெள்ளகோவில் பெண் என்னைப் பார்த்து, "ஏனுங்க ஐயா, எங்க மெசினு பத்து வருசமா படாத பாடு படுது. நீங்க சும்மா உக்காந்தே சாதிச்சுப்போட்டீங்க" என்றார். இதற்குமேல் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

மூன்று வாரக் கணக்கும் செல்லாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும், நான் அறையில் இருக்கக் கூடாது, இந்தத் தடவை வருவதை வைத்துத்தான் இவளைத் தொடர்வதா இல்லையா என்று மேலே முடிவு செய்வார்கள் என்றார். 'அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா, இன்றைக்கு அவளுக்குக் களைப்பாக இருக்கும்' என்று நான் ஆரம்பித்தேன்.

"இன்னைக்கே எடுக்கலாமுங்க" என்றாள் மகள். "அப்பா, நீங்க போயி டீ குடிங்க."

"பக்கத்துலயே, கதவுக்கு வெளியில நிக்கறேன் கண்ணு."

"கதவுகிட்ட வேண்டாமுங்க. எனக்குக் கேக்கும்."

கேண்டீனில் போய் உட்கார்ந்தேன். நான் இல்லாமல் யார் யாரோ நடுவில் அவள் தனியாக இருந்த நேரங்கள் முன்பும் உண்டு, அறுவை அரங்கு உட்பட. அப்போதெல்லாம் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தெரியும். இப்போது செய்யக்கூடியது ஒன்று இருந்தது, அதைச் செய்யாமல் இருக்க வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் பார்க்கிறவன் சோதனைக்குள் கை வைக்கக் கூடாது என்று இருபத்து மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேண்டீன்காரர் டீயைக் கொண்டுவந்து வைத்தார். அது ஆடை கட்டியதும் எடுத்துப் போய் இன்னொன்று கொண்டுவந்தார். அதுவும் ஆடை கட்டியது. "சாருக்குச் சக்கர சேராதுங்களா?" என்று கேட்டுவிட்டு, இந்த முறை சுடுதண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். நிஜமான புள்ளிகளில் சராசரியாகப் பத்துக்கு ஆறு. கலைத்த புள்ளிகளில் மூன்று.

மூன்று இடம் இருக்கிற மேசையில் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலே மூன்று வரும். ஆக, அவளுக்குச் சில்லு தருவது மேற்கொண்டு மூன்று கப். ஒன்பதிலிருந்து ஆறுக்கு இறங்கிய கணக்கு மட்டும்தான் என் தலையில் ஓடியது. முகத்தைப் பார்த்தே அந்தப் பெண் சொன்னார்:

"அந்த மூணுக்கும் ஆறுக்கும் நடுவுல இருக்கறதுதானுங்க ஐயா எங்களுக்கு வேணும். போன வாரம் வரைக்கும் அது எங்ககிட்ட இல்ல. மேல பேசிப்போட்டேன். அம்மணி தொடர்ந்து வரட்டும்னுட்டாங்க."

திரும்பி வரும்போது அவினாசி ரோடு தாண்டி நெடுஞ்சாலை ஏறினோம். பேச்சை அவள்தான் ஆரம்பித்தாள்.

"அந்த ஆறும் எனக்கே எனக்குங்கப்பா."

"ம்."

"ஒம்பது வாங்கறப்ப ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு. எதுக்குன்னு தெரியல. காப்பியடிச்ச மாதிரி."

"நான்தானே கண்ணு காட்டிக் குடுத்தது."

"வாத்தியாரே காட்டிக் குடுத்தா புள்ளைங்க என்ன பண்ணுவாங்க?" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள். எதிரே லாரி கடந்தபோதெல்லாம் "இப்ப ஒண்ணு" என்றாள். சில சமயம் லாரி இல்லாமலும் சொன்னாள். நான் திருத்தவில்லை.

வீட்டில் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இட்லிக்கு ஊறவைத்த அரிசியைக் களைந்துகொண்டே, "பத்துக்கு ஆறுன்னா முதல் வகுப்புத்தானுங்களே. நீங்க பத்தாவதுல எவ்வளவுங்க?" என்றாள். தங்கைக்கும் மச்சானுக்கும் திரும்பப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அது கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. தங்கை, "அப்ப தெரியுதாண்ணா தெரியலையா?" என்று கேட்டாள். "ஆறு தெரியுது" என்றேன்.

இப்போது நான் கோவைக்குக் கார் ஓட்டிப் போவதோடு சரி. வீட்டில் அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு நடக்கிற ஒரு மணி நேரம் நான் கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறேன். சமையலறையில் ஏதாவது உருண்டு விழும் சத்தம் கேட்கும். எழுந்திருக்காமல் இருப்பதற்கு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். இரண்டு முறை எழுந்துவிட்டேன். இரண்டு முறையும் என் மனைவி கண்ணாலேயே என்னை உட்காரவைத்தாள்.

போன ஞாயிறு மத்தியானம் மழை மூட்டம் போட்டது. மகள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணி எடுத்து வருகிறேன் என்று மாடிக்குப் போனாள். துணி எடுப்பது அவளுக்குப் புதிதல்ல. கம்பியைத் தடவிக்கொண்டே போய் ஒன்றுவிடாமல் உருவிக்கொண்டு வந்துவிடுவாள். அன்று நேரம் பிடித்தது. மேலே அவள் காலடி ஓரிடத்தில் நின்றது. பிறகு வேறு இடத்தில். விடைத்தாளில் ஒரே கேள்விக்கு இரண்டு முறை மதிப்பெண் போட்டிருந்தேன்.

இறங்கி வந்தவளின் தோளில் என் இரண்டு வேட்டி, ஒரு வெள்ளைச் சட்டை, தலையணை உறை.

"சேலையும் பேண்ட்டும் என்னாச்சு கண்ணு? மழை வருது பாரு" என்றாள் என் மனைவி. கரும்பச்சைச் சேலை, என் காப்பிப்பொடி நிறப் பேண்ட். மாடியில் கம்பிக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளையடிக்காமல் விட்ட, மழையில் கறுத்த சிமெண்டுச் சுவர் இருக்கிறது.

"அது எனக்குத் தெரியலீங்கம்மா. தடவாம, தெரிஞ்சத மட்டும் எடுத்தேன்."

ஏழெட்டு வருடத்தில் ஒரு பொருளைக் குறித்து அவள் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாமே தெரியாதபோது அப்படிச் சொல்ல அவளுக்குத் தேவை இருந்ததில்லை. இப்போது வேட்டி தெரிந்தது, சேலை தெரியவில்லை. அதைக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், கடைக்குப் போய்விட்டு வந்து இன்னது கிடைத்தது, இன்னது கிடைக்கவில்லை என்று சொல்கிற தோரணையில் சொன்னாள்.

"சரி, நான் போயி எடுத்துட்டு வாரேன்" என்று என் மனைவி படியேறினாள். மகள் தரையில் உட்கார்ந்து என் வேட்டியின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து மடிக்கத் தொடங்கினாள். முதல் தூறல் சன்னலில் விழுந்தது. நான் அடுத்த விடைத்தாளை எடுத்தேன்.