மூக்குத்திக்கு ஒரு வேண்டுதல்

காட்டூர் அழகிரி கடலில் கால் நனைத்தது வேளாங்கண்ணியில் ஒரே ஒரு முறை. அன்றைக்கும் செருப்பைப் பறிகொடுத்துவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறினார். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு வாய்த்த வேலையோ திமிங்கிலம் பார்ப்பது.

பசிபிக் கடலில் ஒரு தீவு. அதன் விரிகுடாவுக்குத் திமிங்கிலங்கள் குட்டி போட வரும். ஒவ்வொன்றின் வாலடியிலும் இருக்கும் கறுப்புவெள்ளைத் திட்டு நம் கைரேகை மாதிரி; இன்னொன்றுக்கு இராது. வால் படங்களை ஒப்பிட்டு, முன்பு வந்த தாய்கள் திரும்ப வருகின்றனவா என்று வருடக்கணக்காகப் பார்க்கிறார்கள். வந்தால் அந்த இடம் இன்னும் பிள்ளைப்பேற்றுக்கு லாயக்கு. இந்த வேலைக்குக் கம்ப்யூட்டரும் பொறுமையும் போதும். அப்பாவை அதில் சேர்த்துவிட்டவள் மகள் சௌமியா, இயந்திர அதிர்வுகளை ஆராயும் பொறியாளர். டிவி சீரியல் மாமியார்களுக்கு அவர் உரக்க யோசனை சொல்வதை நிறுத்த அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

பாய்லர் ஆலையில் வெல்டிங் எக்ஸ்ரே பார்த்தே தலை நரைத்தவர் அழகிரி. முதல் வாரம் வந்த வால்களில் பாதியை நிராகரித்தார். "ஓரத்தில் விரிசல். ஏற்க இயலாது. சரிசெய்து மீண்டும் அனுப்பவும்." தீவிலிருந்து பணிவாகப் பதில் வந்தது: திமிங்கிலங்களைச் சரிசெய்யும் வசதி எங்களிடம் இல்லை.

"அந்த விரிசல்தாம்ப்பா அடையாளமே," என்றாள் சௌமியா.

"அடையாளமா இருக்கட்டும். நான் பாஸ் போட மாட்டேன்."

ஒரே ஒரு வாலிடம் மட்டும் மனம் இளகினார். ஓரத்தில் விரிசல், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. மூக்குத்தி என்று பெயர் வைத்தார்.

"ஏங்க, வால்ல போயி யாராவது மூக்குத்தி போடுவாங்களா?" என்றாள் மனைவி கமலவல்லி.

விரிகுடாவில் படகுப் போக்குவரத்து பெருகியதும் மூக்குத்தி வரவில்லை. குட்டி போடும் மாதங்களில் படகுகள் மெதுவாகப் போக வேண்டும் என்று தீவில் விதி வந்தது. அதற்குப் பிறகும் வரவில்லை. அழகிரிக்குச் சோறு இறங்கவில்லை. சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டார்: மூக்குத்தி பிள்ளையோடு வந்தால் வெள்ளித் தகட்டில் உருவம் வாங்கிப் போடுகிறேன். சரக்கு கிடைக்குமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது ஆலைப் பழக்கம். சௌமியாவை இழுத்துக்கொண்டு கோயில் வாசல் கடைக்குப் போனார். கண், கை, கால், தொட்டில், பாம்பு, தேள் எல்லாம் இருந்தன.

"திமிங்கிலம் இருக்கா?"

கடைக்காரர் வீரமலை ஒரு மீனை எடுத்து நீட்டினார்.

"மீன் இல்லைங்க. இது பால் குடுக்குற சாதி."

"பால் குடுக்குதா? அப்ப மாடு எடுத்துக்குங்க."

"மாடு நீந்துமா?"

"எங்க மாடு கொள்ளிடத்துல நீந்தும் சார்."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, அழகிரி கடை அட்டையில் திமிங்கிலம் வரைந்து கொடுத்தார். "செஞ்சு வைங்க. வந்து வாங்கிக்கிறேன்."

வைகாசியில் அவர் இறந்தார். மாரடைப்பு.

ஆவணியில் சௌமியா அப்பாவின் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பார்க்காத படங்கள் குவிந்திருந்தன. கடமைக்கு ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள். ஒரு வாலில் கை நின்றது. வெள்ளைப் புள்ளி. ஓரத்தில் அதே விரிசல். அடுத்த படத்தில், பக்கத்திலேயே சின்னதாக ஒரு முதுகு. பழைய படத்தோடு மறுபடியும் ஒப்பிட்டாள். சந்தேகமில்லை.

கமலவல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"வர்றதுதான் வந்தா, நாலு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? சரி, பச்சப்புள்ளக்காரிய என்ன சொல்றது? நீ போயி வேண்டுதல முடிச்சிட்டு வா."

சமயபுரத்தில் வீரமலை சௌமியாவை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "சார் வரலையாம்மா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவர் உள்ளேயிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து பிரித்தார். வால் முளைத்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது.

சௌமியா அதை வெளிச்சத்தில் பிடித்து, அப்பா எக்ஸ்ரே பார்ப்பதுபோல் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"வால் ஓரத்துல விரிசல் இருக்குங்க."

"தகடு அடிக்கும்போது விட்டிருக்கும்மா. வேற செஞ்சு தரவா?"

"வேண்டாங்க," என்றாள். "இது பாஸ்."