முழங்கால் உயரம்

ஒத்னியேலின் தராசுக்குப் பாதிரியாரும் ஒன்றுதான், பன்றிக்குட்டியும் ஒன்றுதான். பாப்புவா மலைமுகட்டில் இருக்கிற நோகலோ ஊரில், ஹெலிகாப்டர் வந்து இறங்குகிற மேட்டுக்கு அவன்தான் காவல். ஆளையும் மூட்டையையும் நிறுத்து, பாரம் மிஞ்சினால் இறக்கிவிடுவது வேலை. சனங்கள் தலையில் தொங்கும் வலைப்பைக்குள், கிழங்குக்கு அடியில் பன்றிக்குட்டியை ஒளித்துக்கொண்டு வருவார்கள். தராசில் ஏறியதும் அது கத்தித் தொலைக்கும்.

“கிழங்கு கத்துதே, அக்கா?”

“நோயாளியப் பாக்க வெறுங்கையோட போவாங்களா? உன் வீட்டுச் சொத்தா குறையுது?”

“காத்துதான் குறையுது. எறக்கு.”

ஊர்க்காரர்களுக்கு அது விளங்கவே இல்லை. அவன் மட்டும் ஹெலிகாப்டர் ஓட்டுகிற கேப்டன் ரூடியிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தான். மேலே சுற்றுகிற றெக்கை ஒவ்வொன்றும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அது காற்றைக் கீழே தள்ளும். காற்று பதிலுக்கு அதை மேலே தள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் மலை உச்சியில் காற்றே மெலிசு, வெயில் ஏறினால் இன்னும் மெலிசு. தள்ளுவதற்குப் போதுமான காற்று அகப்படாது. இதில் ஒரு ஏமாற்று வேறு உண்டு. தரையை ஒட்டி நிற்கும்போது, கீழே தள்ளிய காற்று மண்ணில் முட்டி மெத்தைபோல் தாங்கும். தாங்காத பாரத்தோடும் முழங்கால் உயரத்துக்கு எழும்பிவிடும். மேடு முடிந்து பள்ளத்தாக்கு தொடங்கிவிட்டால் முட்டுக்கொடுக்க மண் ஏது?

அப்படிப்பட்டவனின் ஒரே மகள் யெமிமா காய்ச்சலில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தாள். காலையெல்லாம் மேகம். ஹெலிகாப்டர் வந்து சேரும்போது உச்சி வெயில். பிரசவம் சிக்கலாகிப்போன பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி ஏற்கெனவே உள்ளே படுத்திருந்தாள், அவளோடு நர்சும். மகளைத் தூக்கிக்கொண்டு மனைவி ரிப்கா ஏறினாள்.

கேப்டன் அவனைப் பார்த்தார். “நீயும் ஏறுப்பா. தூக்கிப் பாப்போம்.”

அன்றைக்கு மட்டும் ஒத்னியேல் தராசில் ஏறாமல் வண்டியில் ஏறினான். யெமிமா அவன் மடியில் தலை சாய்த்தாள். வண்டி முழங்கால் உயரம் எழும்பி, அங்கேயே நின்றது. றெக்கைச் சத்தம் கனத்துப்போய், நெஞ்சுச்சளிக்காரன் இருமுவதுபோல் ஆகிவிட்டது. கேப்டனின் பின்கழுத்தில் வியர்வை.  ‘இறங்கு’ என்று அவர் வாயால் சொல்லமாட்டார், ஒத்னியேலுக்குத் தெரியும். அவனே அவர் தோளைத் தட்டினான். வண்டி மறுபடி மண்ணைத் தொட்டது.

“எங்கப்பா போற?” மகள் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ பறந்து போ தங்கம், நான் நடந்து வந்துடுறேன். யாரு முந்துறாங்கன்னு பாப்போம்.”

“அதான் எழும்பிடுச்சில்ல! ஏன்யா எறங்குற?” ரிப்கா கத்தினாள்.

சட்டையைப் பிடித்திருந்த விரல்களைப் பிரித்துவிட்டு இறங்கினான். வண்டி மேட்டைத் தாண்டியதும் பள்ளத்தில் ஒரு அமுங்கு அமுங்கி, பிறகு ஏறிப் போனது.

அப்போதே நடக்கத் தொடங்கினான். ஆஸ்பத்திரி இருக்கிற வாமெனா நகரம் நாலைந்து நாள் நடை. மறுநாள் காலைக் குளிரில் அதே வண்டி தலைக்குமேல் ஊர்ப்பக்கம் போயிற்று. மகள் குணமாகித் திரும்புகிறாள் என்று நினைத்தான். பாறையில் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டி, “நீதான் முந்திட்ட!” என்று கத்தினான்.

அங்கிருந்தே திரும்பி அவன் ஊர் வந்து சேர்ந்தபோது, அந்த வண்டியில் வந்த மகளின் உடலைப் புதைத்து மேல்மண்ணும் காய்ந்திருந்தது.

கொஞ்ச நாள் கழித்து கேப்டன் வீடு தேடி வந்தார். “அம்மா, அவன் எறங்கலேன்னா நாம எல்லாருமே பள்ளத்துலதான் கெடந்திருப்போம்.”

“கெடந்திருக்கலாமே. அவ அப்பன் மடியிலயே கெடந்திருப்பா. அங்க ஆஸ்பத்திரியில, அப்பா நடந்து வந்துட்டாரான்னு வாசலையே பாத்துக்கிட்டுப் போனா, கேப்டன்.”

 பிழைத்துக்கொண்ட அந்தப் பக்கத்து ஊர்ப் பெண் கைக்குழந்தையோடு நடந்தே வந்து நன்றி சொன்னாள். ரிப்கா கிழங்கு சுட்டுக் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

ஒத்னியேல் இன்னும் அதே மேட்டில்தான் நிறுக்கிறான். பன்றிக்குட்டி கத்தினால் கேலி பேசாமல் இறக்கிவைக்கிறான். வண்டி வரும்போதெல்லாம் ரிப்கா மேட்டோரம் வந்து நிற்பாள். அது முழங்கால் உயரம் எழும்பும்வரை பார்ப்பாள், பிறகு திரும்பி அவனைப் பார்ப்பாள். அவன் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பான். தராசில் யாரும் இருக்க மாட்டார்கள்.