சேலைதான் நனைந்தது

கொடைக்கானல் மலைக் கிராமமான பேத்துப்பாறையில் பூண்டுக் காட்டு வேலைக்குப் போகும் தங்கமுத்து, ஒரே மகள் வடிவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தாள். வலி கண்டு ஒரு பகல் போயும் பிள்ளை இறங்கவில்லை. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடலாமென்று மருமகன் மலைச்சாமி ஆட்களைக் கூட்டி டோலி கட்டினான். ஓடைக்கரையில் தங்கமுத்து குறுக்கே நின்றுவிட்டாள்.

"நெறமாசக்காரி ஓடுற தண்ணியத் தாண்டுனா ரெண்டு உசுரும் போயிரும். திருப்புங்க, மாப்பிள்ளை!"

ஊரே நம்பிய பேச்சு அது. டோலி திரும்பியது. விடிவதற்குள் வடிவும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போனது. தண்ணீரைத் தொடாமலே.

ஐம்பத்தெட்டாம் வருஷப் பங்குனி உத்திரத்துக்கு மலைவாழைப்பழம் விற்கப் போனவர்களோடு தங்கமுத்துவும் பழனிக்கு இறங்கினாள். மகள் போன நாளிலிருந்து மூலையில் முடங்கிக் கிடந்தவளை, "போய் நாலு மனுச முகத்தப் பாத்துட்டு வாங்க மதினி" என்று கிளப்பிவிட்டவள் பக்கத்து வீட்டுக் கந்தம்மாள். மலையைவிட்டு அவள் இறங்கியது அதுதான் முதல் தடவை.

கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் கொண்டுவந்த கூட்டம் அடிவாரத்தை அடைத்து நின்றது. மாட்டுவண்டி ஒன்றின் பின்பலகையில் உட்கார்ந்திருந்த நிறைமாசக்காரி பழம் கேட்டாள்.

"ஏத்தா, இந்த வயித்தோடயா வந்தே? வழியில ஆறு இல்லையா?" என்றாள் தங்கமுத்து.

"இல்லாமயா? அமராவதியில வண்டி மணல்ல சிக்கிக்கிச்சுங்க. எறங்கித் தண்ணியில நடந்தே வந்தனுங்க."

"ஒண்ணும் ஆகலையா?"

"சேலைதானுங்க நனைஞ்சுது!" சிரித்தபடியே அவள் பழத்தை உரித்தாள்.

தங்கமுத்து கூடையோடு தரையில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதாள். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவள் என்று நினைத்துத் தொண்டர் ஒருவர் குனிந்து ஊரும் பேரும் கேட்டார். அவள் வாயில் வடிவு பேர்தான் வந்தது. சற்று நேரத்தில் ஒலிபெருக்கி அலறியது: "பேத்துப்பாறை வடிவு, எங்கிருந்தாலும் பந்தலுக்கு வரவும். அம்மா காத்திருக்கிறார்."

அந்த ஐப்பசியில் கந்தம்மாளின் மருமகள் தமயந்திக்கு வலி கண்டு, பிள்ளை இறங்காமல் இழுத்தது. தங்கமுத்து ஓடிப்போய் டோலி கட்டச் சொன்னாள்.

கந்தம்மாள் சீறினாள். "பெத்த மகளையே மறிச்சீக. எம் மருமகள மட்டும் தாண்டச் சொல்றீகளோ?"

"மறிச்சேன். மறிச்சுட்டுத்தான் இன்னிக்கு வந்து நிக்கிறேன். ஆத்துல நடந்து வந்தவள எங் கண்ணால பாத்தேன், மதினி. வெரசா தூக்கச் சொல்லுங்க."

ஓடையில் இடுப்பளவு மழைத்தண்ணீர். தங்கமுத்து முதலில் இறங்கினாள். பின்னாலேயே டோலி இறங்கியது.

பிறகு எத்தனையோ டோலிகள் அந்த ஓடையைத் தாண்டின. எல்லாவற்றுக்கும் முன்னால் இறங்கியவள் அவள்தான். ஆனால் அந்த முதல் நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில், கந்தம்மாள் பேரப்பிள்ளையை அவள் மடியில் போட்டு வெள்ளந்தியாகக் கேட்டாள்:

"அன்னிக்கும் இப்படித் தூக்கியாந்திருந்தா நம்ம வடிவு இருந்திருப்பா, இல்ல மதினி?"

"இருந்திருப்பா."

பிள்ளையின் தலையைத் துணியால் மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, தமயந்திக்குக் கஞ்சி வாங்க எழுந்து போனாள் தங்கமுத்து.