ஜன்னல் வழியே நான் கொடுத்த பை

சென்ற வருடம் ஆவணி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, குளத்தூரிலிருந்து புதுக்கோட்டை போகும் தனியார் பஸ்ஸில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் கை போய்ப் பையைத் தொட்டுப் பார்க்கும். அப்புறம்தான் சிரிப்பு வரும்.

மகள் பிறந்த பிறகு, அலுவலகத்தில் கெஞ்சிக் கேட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். புதுக்கோட்டையில் ஒரு சின்ன நிறுவனம், கணக்கு வேலை. திங்கட்கிழமை மட்டும் நேரில் போக வேண்டும். லேப்டாப் அவர்களுடையது. கொடுக்கும்போது மேலாளர் தன்மையாகத்தான் சொன்னார்: "பத்திரமா வச்சுக்கங்கம்மா. இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா, வீட்டுல வேலை பாக்குறதே வேணாம்னு முதலாளி சொல்லிருவாரு." மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. அவளை விட்டுவிட்டுத் தினமும் போக வேண்டி வந்தால் வேலையையே விட வேண்டியதுதான். அதனால் அந்த வார்த்தை காதிலேயே நின்றுவிட்டது.

லேப்டாப்போடு வந்த பை ஒற்றைத் தோளில் மாட்டுவது. இடுப்பில் ஒரு பக்கம் குழந்தை, மறுபக்கம் பை. சிசேரியனுக்குப் பிறகு வந்த முதுகுவலி இன்னும் விட்டபாடில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வீடு திரும்பினால் நிமிர முடியாது. முதுகில் மாட்டுகிற பை ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேனே தவிர வாங்கவில்லை. போனில் பார்ப்பேன், வாங்கியவர்கள் எழுதியதைப் படிப்பேன். பத்துப் பேர் நல்ல பை என்று எழுதியிருப்பார்கள். யாரோ ஒருவர் மட்டும் ஜிப் போய்விட்டது என்று எழுதியிருப்பார். எனக்கு அந்த ஒருவரைத்தான் நம்பத் தோன்றும்.

"என்னையக் கட்டிக்கிறதுக்கு இவ்வளவு யோசிச்சியா?" என்று கேட்டார் கணவர்.

"யோசிக்கலைங்க. அதான் இதையாவது யோசிச்சு வாங்குவோம்னு பாக்குறேன்."

அந்த வாரமும் பை வாங்கவில்லை.

கடைசியில் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டே போனேன். ஒவ்வொரு பையிலும் லேப்டாப், சாப்பாட்டு டப்பா, குழந்தையின் பிளாஸ்க் எல்லாம் வைத்து, முதுகில் மாட்டிக் கடைக்குள்ளேயே அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து பார்த்தேன். தோள்வாரின் தையலை இழுத்துப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, ஆபீஸ் போறீங்களா, நார்த்தாமலை ஏறப் போறீங்களா?" என்றார். நான் விடவில்லை. கடைசியாக ஒரு கறுப்புப் பை பிடித்திருந்தது. வார் அகலம், உள்ளே தடித்த பஞ்சு. லேப்டாப் வைக்கும் அறை, பையின் அடி வரை இறங்காமல் கொஞ்சம் மேலேயே நின்றது. பையைத் தொப்பென்று வைத்தாலும் லேப்டாப் தரையில் இடிக்காது. வாங்கி வந்த பிறகும், சாம்பல் நிறத்தை எடுத்திருக்கலாமோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

புதுப் பையோடு போன முதல் திங்கட்கிழமை அது. மகளைப் புதுக்கோட்டையில் என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு அலுவலகம் போவது வழக்கம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. கைக்குழந்தையைப் பார்த்து ஒருவர் எழுந்து ஜன்னலோர இடம் கொடுத்தார். உட்கார்ந்ததுமே, பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண், "அக்கா, இதக் கொஞ்சம் வச்சுக்கங்க" என்று தன் பையை நீட்டினாள். எங்கள் பக்கத்து பஸ்களில் உட்கார்ந்திருப்பவர் மடி எல்லோருக்கும் பொது. வாங்கிக் காலடியில் வைத்தேன். அதுவும் கறுப்புப் பை. என்னுடையது மடியில், அதன் மேல் மகள்.

கொஞ்ச தூரம் போனதும் என் கால் அந்தப் பெண்ணின் பையில் பட்டுவிட்டது. உள்ளே புத்தகங்கள் இருப்பது தெரிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதை எடுத்து மடியில் வைத்தேன். என் பையைத்தான் தரையில் வைக்கலாமே, அதற்காகத்தானே இவ்வளவு பார்த்து வாங்கினோம் என்று, அதை இரண்டு கால்களுக்கு நடுவில் நிறுத்தினேன்.

அப்புறம் மகள் அழ ஆரம்பித்தாள். பால் கொடுத்தேன், தட்டினேன், ஜன்னலில் வேடிக்கை காட்டினேன். ஊர் நெருங்குவதற்கு முன்னால் கல்லூரி நிறுத்தம் வந்தது. அந்தப் பெண் கூட்டத்தில் தள்ளப்பட்டு வெறுங்கையோடு இறங்கிவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே வந்து, "அக்கா, பை" என்று கையை நீட்டினாள். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். காலடியில் வைத்ததுதான் அவளுடையது என்று கைக்கு ஞாபகம் இருந்தது, மாற்றி வைத்தது ஞாபகம் இல்லை. ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கீழே இருந்ததைத் தூக்கி ஜன்னல் வழியே கொடுத்தேன். பஸ் நகர்ந்தது. பை அவள் விரலில் பட்டு நழுவி, தார் ரோட்டில் விழுந்தது.

"ஒண்ணும் ஆகாதுப்பா, எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையிடம் திரும்பிவிட்டேன். புத்தகம்தானே.

பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பையைத் தோளில் மாட்டினேன். வார் தோளை அறுத்தது. மெல்லிய வார். அந்த ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து திறந்தேன். ரெக்கார்டு நோட்டுகள், ஒரு டிபன் டப்பா, அடியில் ஒரு போன்.

ரோட்டில் விழுந்தது என் லேப்டாப். விழுந்த சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. மேலாளரிடம் என்ன சொல்வது, குழந்தையை யார் பார்ப்பது என்று யோசனை எங்கெங்கோ ஓடியது. கணவரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கல்லூரிக்கே ஆட்டோவில் போகலாமா, போனால் பெயர்கூடத் தெரியாத பெண்ணை எங்கே தேடுவது? நான் எழுவதும் உட்காருவதுமாக இருந்தபோது, மடியிலிருந்த பை அதிர்ந்தது. அவள் போன்.

"அக்கா, பஸ்ல பாப்பா வச்சிருந்தீங்களே, நீங்கதானே? பிரெண்டு போன்லேருந்து பேசுறேன். ஒங்க பை எங்கிட்ட இருக்கு."

"ம்" என்றேன்.

"பாப்பாவத் தூக்கிக்கிட்டு அலையாதீங்க. பஸ் ஸ்டாண்டுல அங்கனயே ஒக்காந்திருங்க, நான் வாரேன்."

வந்தாள். பையை முதுகில் மாட்டாமல், முன்பக்கமாக மாட்டி, குழந்தையை அணைப்பதுபோல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஒரு மூலை மட்டும் தேய்ந்து, தார்ப்புழுதி ஒட்டியிருந்தது.

"தொறந்து பாருங்கக்கா. நான் இங்கதான் இருக்கேன்."

திறக்கப் பயமாக இருந்தது. மகளை அவள் வாங்கிக்கொண்டாள். லேப்டாப்பை எடுத்து, பட்டனை அழுத்திவிட்டு, வேறு பக்கம் பார்த்தேன்.

"வந்துருச்சுக்கா" என்றாள்.

திரும்பினேன். திரை முழுசாக ஒளிர்ந்தது. ஒரு கீறல் இல்லை. முந்தின நாள் மகள் அப்பிய விரல் தடம் மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்துத் தானும் அழுதாள். அந்தப் பெண், "ரெண்டு பேருல யாரையக்கா நான் சமாதானம் பண்றது?" என்றாள்.

அவளுக்கு முதல் வகுப்பு போய்விட்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டபோது, "அந்த வகுப்புக்குப் போயிருந்தாலும் தூங்கத்தான் செஞ்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, தன் பையை மாட்டிக்கொண்டாள். போகும்போது, "பை எங்க வாங்குனீங்க?" என்று மட்டும் கேட்டாள். கடையைச் சொன்னேன், நடந்து பார்த்து வாங்கச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நல்லவேளை, அவ்வளவு யோசிச்சு வாங்குன" என்றார். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தப் பை இன்றும் என் முதுகில்தான் போகிறது. ஆனால் பஸ்ஸில் யாராவது ஒரு பையை என் மடியில் வைத்தால், அதற்குள், தொலைந்தால் அவர்கள் தூக்கத்தைக் கெடுக்கும் ஏதோ ஒன்று இருக்கும் என்று நினைத்து, அவர்கள் இறங்கி அதைக் கையில் பிடிக்கும் வரை என் கையை எடுப்பதில்லை.