மேலடுக்குப் பேரீச்சம்பழம்

இன்று அக்குறணையில், அஸர் தொழுகைக்காகப் பூட்டிய கடை மறுபடி திறக்கும்வரை காத்து நின்று, நோன்பு துறக்கப் பேரீச்சம்பழம் வாங்கினேன். கடைக்கார ஹாஜியாரே அடுக்கிய பெட்டி.

"வல்லாஹி, புதுப் பழம் தங்கச்சி," என்று அல்லாஹ் மேல் சத்தியம் செய்தார்.

வாசலிலேயே திறந்து பார்த்தேன். மேலடுக்கு பளபளத்தது. கீழே முழுக்கப் புழு.

திரும்பிப் போய்க் காட்டினேன்.

"நல்லத மேல வைக்கிறதுதானே யாவாரம்," என்றார், கூச்சமே இல்லாமல்.

சத்தம் போட்டேன்.

"நோன்போட கோவப்படலாமா தங்கச்சி? நோன்பு பாழாகிடும். கொஞ்சம் சபுர் செய்ங்க."

என் கோபத்தில் நோன்பு பாழாகுமாம். அல்லாஹ்வின் பெயரால் புழுவை விற்றால் பாழாகாதாம்!

பெட்டியை அவர் மேசையிலேயே கவிழ்த்துவிட்டு வந்தேன்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்கு அவர் எந்த அடுக்கிலிருந்து எடுத்து நோன்பு துறப்பார் என்று நினைக்கிறீர்கள்?