நாலாம் தொட்டியை நிறுத்தியது யார்?

ஓக் சூன்டக்குக்கு வாய் இல்லை என்று எங்கள் கோஜே தீவில் ஒருவரும் சொல்லிவிட முடியாது. எடையில் கை வைத்த மீன்காரனைச் சந்தை நடுவில் நாறடித்தவள் அவள். ஆனால் தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லுங்கள், வாயில் கொழுக்கட்டை வைத்தவள் போல நிற்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மேலதிகாரி எதிரில் ‘நான் செய்தேன்’ என்று மார்தட்டுகிறவனை இங்கே மனிதரில் சேர்ப்பதில்லை.

கப்பல் கட்டும் தளத்தில் அவளுக்கு வேலை. கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்து முடித்ததும், டார்ச் விளக்கும், பூச்சின் கனத்தை அளக்கும் உள்ளங்கை அகலக் கருவியுமாக அவள் உள்ளே ஊர்ந்து போவாள். பூச்சு மெலிந்தால் துருப் பிடித்து இரும்பை அரித்துவிடும் என்பதால், மெலிந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவாள். அவள் கையெழுத்து விழாமல் எந்தத் தொட்டியும் மூடப்படாது. ஒன்பது வருடமாக இந்த வேலை. அதற்கு முன் பதினோரு வருடம் அதே தொட்டிகளில் இரும்புத் தூள் கூட்டினாள். முழங்கால் போனது அதில்தான்.

இந்த வருடம் கப்பலை வாங்கும் நார்வேக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பரிசோதகர் ஒவ்வொருவரும் தன் அன்றாட வேலையைத் தானே ஆங்கிலத்தில் விவரிக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் கூடாது. சொல்லத் தெரியாதவர் இடத்துக்கு வேறு ஆள். சூன்டக்குக்கு அதன் அர்த்தம் மறுபடியும் துடைப்பம். இந்த முழங்காலோடு அவள் எத்தனை நாள் கூட்டுவாள்?

இரண்டு மாதம் மனப்பாடம் செய்தாள். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதிய தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்து, சோறு கொதிக்கும்போதும் முனகுவாள். சிப்பி வளர்க்கும் அவள் புருஷன் சில்பொக்குக்கு ஒரே சிரிப்பு.

“நம்ம பாஷையிலயே என்கிட்ட நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசமாட்ட. பானைகிட்ட இங்கிலீஷா?”

“பானை எதிர்த்துப் பேசாதுல்ல. நீங்க போய் சிப்பியக் கழுவுங்க.”

சிரித்தாலும், தினமும் அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்டவரும் அவரே. ஒரு எழுத்து தெரியாது மனிதருக்கு. ஆனால் அவள் குரல் எங்கே தடுமாறுகிறது என்று பிடித்துவிடுவார். அப்படி ஒரு புருஷன் வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்த நாளும் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் டோர்டிஸ் என்ற நார்வேக்கார அம்மாள், நரைத்த தலை, கையில் பேனா. சுவரோரம் அலுவலக அதிகாரிகள் இரண்டு பேர். சூன்டக்குக்குப் பக்கத்திலேயே அவளுடைய ஃபோர்மேன் ஜே பான்சொக் வந்து உட்கார்ந்துகொண்டார். இதை மட்டும் அவள் யோசித்திருக்கவில்லை. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘நான் முடிவெடுக்கிறேன், நான் மறுக்கிறேன்’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

அந்த நொடியே எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். அதுவும் நல்ல ஆங்கிலத்தில். “எங்கள் ஃபோர்மேன்தான் அளக்கிறார். எங்கள் ஃபோர்மேன்தான் முடிவெடுக்கிறார். எனக்கு அனுபவம் போதாது. பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறேன்.”

அடிப்பாவி! இதற்கா இரண்டு மாதம்?

என்ன அடக்கம் என்று அதிகாரிகள் தலையாட்டினார்கள். டோர்டிஸ் ஊரில் இந்த அடக்கமெல்லாம் கிடையாது, சொன்னால் சொன்னதுதான். அப்படியே எழுதிக்கொண்டாள்.

“அப்படியானால் இந்த வேலைக்கு நீங்கள் எதற்கு?” என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். சூன்டக்குக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

டோர்டிஸ் ஒரு பழைய தாளை எடுத்தாள். “மார்ச் மாதம் நாலாம் தொட்டி வேலை மூன்று நாள் நின்றிருக்கிறது. அதை நிறுத்தியது யார்?”

அந்த மூன்று நாளும் தொட்டி வாசலில் நின்று கத்தியவர் இதே பான்சொக். “மயிரிழை கம்மியா இருக்குன்னு கப்பலையே நிறுத்துவியா? கையெழுத்தப் போட்டுத் தொலம்மா!” அவள் போடவில்லை. அன்றிலிருந்து அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை.

“ஃபோர்மேன்தான்” என்றாள் சூன்டக்.

பான்சொக்குக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்து வார்த்தை இருக்கும். பேசாமல் இருந்திருந்தால் அந்த நல்ல பெயர் தானாக அவர் மடியில் விழுந்திருக்கும். அவரோ எழுந்து நின்றார்.

“நோ,” என்று தன் நெஞ்சைத் தொட்டார். “மீ, ஓகே.” பிறகு அவளைக் காட்டினார். “ஷி, நோ. த்ரீ டே, நோ.” மூன்று விரலை நீட்டிக் காட்டிவிட்டு மறுபடி நெஞ்சைத் தொட்டார். “மீ, ராங்.”

தனக்கு மேலே உள்ள இரண்டு அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஐம்பத்தாறு வயசு மனிதர் சொன்ன வார்த்தை அது. காது மடல் வரை சிவந்திருந்தது. சூன்டக் பக்கம் திரும்பி எங்கள் பாஷையில் முணுமுணுத்தார்.

“நான் வெளிய போய்க் காபி குடிக்கிறேன். நீ உள்ளதச் சொல்லும்மா. இல்லன்னா அடுத்த தொட்டிக்குள்ள என்னைத்தான் ஊர்ந்து போகச் சொல்லுவாங்க. என் தொப்பைக்கு அந்த ஓட்டை பத்தாது.”

போய்விட்டார். சூன்டக் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ‘நான் அளக்கிறேன். குறை இருந்தால் வட்டம் போடுகிறேன். சரியாகும் வரை கையெழுத்துப் போட மாட்டேன்.’ இரண்டு இடத்தில் தப்பு வந்தது, நிறுத்தவில்லை.

“மூன்று நாள் எல்லோரையும் காக்க வைத்தபோது பயமாக இல்லையா?” என்று டோர்டிஸ் கேட்டாள்.

இந்தக் கேள்வி தாளில் இல்லை. யோசித்து, சொந்த வார்த்தையில் சொன்னாள்: “பயமாக இருந்தது. ஆனால் இந்தக் கப்பலில் இருபத்துநாலு பேர் கடலுக்குப் போவார்கள்.”

டோர்டிஸ் முதலில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினாள். “இந்த வேலையில் நீங்களே இருக்க வேண்டும்” என்றாள்.

வெளியே காபி இயந்திரத்தின் பக்கத்தில் பான்சொக் நின்றிருந்தார். “என்னாச்சு?”

“இருக்கச் சொல்லிட்டாங்க சார்.” இடுப்பு வளைய வணங்கினாள். “இத நான் மறக்கமாட்டேன் சார். சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்.”

“சரி சரி, பெரிய பேச்சு. அஞ்சாம் தொட்டி ரெடியா இருக்கு. தயவுசெஞ்சு அதையும் நிறுத்திறாதம்மா.”

“பெயிண்ட் சரியா இருந்தா நிறுத்தமாட்டேன் சார்.”

சொல்லிவிட்டு அவள் தொட்டிப் பக்கம் நடந்தாள். கண் மட்டும் துடைக்கத் துடைக்க நனைந்துகொண்டே இருந்தது.